சத்தமாச் சொல்லுங்க

கவுன்டருக்குக் கண்ணாடி போட்டவன் உள்ளே உட்கார்ந்திருப்பவளின் உயரத்தைத்தான் அளந்திருக்கிறான். வெளியே நிற்கிறவர்களை நினைத்துப் பார்க்கவில்லை. பேசுவதற்கென்று வட்டமாக வெட்டிய துளை நோயாளிகளின் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. குனிந்து வாயை வைத்தால் உள்ளே கேட்பது காதில் விழாது. காதை வைத்தால் பதில் சொல்ல முடியாது. அதனால் அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாரும் நிமிர்ந்து நின்று கத்தப் பழகியிருந்தார்கள். கவுன்டர் பெண்ணும் கத்துவாள். யாருக்கு மூலம், யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் தூக்க மாத்திரை என்பதெல்லாம் சுவரோர நாற்காலிகளில் இருப்பவர்களுக்கு மனப்பாடம்.

அன்றைக்கு நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை. சோப்புக் கம்பெனியின் பேக்கிங் பெண்கள் கவுன்டரிலிருந்து வாசல் வரைக்கும், வாசலைத் தாண்டித் தெருவிலும் வரிசையில் நின்றார்கள். தலையில் நீலத் தொப்பி. தோள்வரை சுருட்டிய இடது சட்டைக் கை. கம்பெனி விடுதியில் ஒருத்திக்கு அம்மை போட்டு, பக்கத்துக் கட்டிலுக்குத் தாவி, அடுத்த அறைக்கும் போயிருந்தது. மிஷின் நின்றுவிடக் கூடாது என்று மேலிடம் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியோடு பேசி, காலை ஷிஃப்டை அப்படியே வேனில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. ஒருத்தி விடாமல் அம்மைத் தடுப்பூசி.

வரிசையின் நடுவில் நின்றவளை எல்லாரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெல்ட்டில் சோப்பு வருவதற்கு முன்பே கையை நீட்டிக்கொண்டு நிற்பாள் என்று பெரியக்கா வைத்த பெயர் அது. இன்றைக்கு மட்டும் அவளுக்கு ஓர் அவசரமும் இல்லை. முன்னால் இடம் விழுந்தும் நகராமல் நின்றாள். பின்னாலிருந்த விடுதிப் பெண், எல்லாராலும் வாயாடி என்று அழைக்கப்படுகிறவள், முதுகில் விரலால் குத்தினாள்.

"என்னக்கா, காலு வேர் விட்டுருச்சா? போங்க முன்னாடி."

"போறேன்டி. ரயிலா பிடிக்கப் போறோம்?"

"ஐயோ, யாரு பேசுறது இது!"

முன்னால் கவுன்டர் பெண்ணின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. காய்ச்சல் இருக்கா, மருந்து ஏதாவது ஒத்துக்காதா, வேற மாத்திரை சாப்பிடுறீங்களா, கர்ப்பமா இருக்கீங்களா. ஒவ்வொருத்தியிடமும் அதே நான்கு கேள்விகள், அதே ராகத்தில். காலையில் கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முன்பே ஊசிக்கு வந்து காத்திருந்த கடைக்காரர் மனைவி ஒருத்தி, கடைசிக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள். "அப்போ இந்த ஊசி உங்களுக்கு ஆகாதும்மா, குழந்தை பிறந்தப்புறம் வாங்க" என்று கவுன்டர் பெண் கத்தினாள். கடைக்காரர் மனைவி வெட்கத்தோடு குடையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் போவதையே அவசரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு லேசாக ஒருத்தியால் அதைச் சொல்லிவிட்டு நடந்துபோக முடிகிறது.

அவளுக்கு உறுதியாகத் தெரிந்து பத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சோப்பின் மல்லிகை வாசனை வயிற்றைப் புரட்டும்போதெல்லாம் பையிலிருந்து காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில்தான் இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த மாதக் கடைசியில் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். நிரந்தரமான பெண் பிள்ளை பெற்றால் விடுப்பு உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கிறவளுக்கு ஒப்பந்தம் முடிந்துவிடும். யாரும் யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை. புதுப்பிக்கிற நாளில் பெயரைக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். டேப் ஒட்டுகிற இடத்தில் மூன்று பேர் அப்படிப் போனதை அவள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

பெரியக்காவின் முறை வந்தது.

"கர்ப்பமா இருக்கீங்களா?"

"எனக்கா? என் வீட்டுக்காரர் விடுற குறட்டையை ஒரு நாள் கேட்டிருந்தீன்னா, உனக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது."

ஹால் முழுக்கச் சிரித்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆண்கள்கூடத் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊசி போடும் இடத்தில் தொங்கிய பச்சைத் திரைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த சூப்பர்வைசரம்மா மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கும் விசிலால் அவளுக்கு அதுவே பெயராகியிருந்தது. ஊசி போட்டுக்கொண்டு வருகிற ஒவ்வொருத்தியின் தொப்பியிலும் ஒரு மஞ்சள் வட்டத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். கர்ப்பமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் அவள் தலை கவுன்டர் பக்கம் திரும்பியது. வேண்டுமென்றே திருப்பினாளா, கத்தல் கேட்டுத் தானாகத் திரும்பியதா என்று சொல்ல முடியாது.

"அடுத்து! காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"மருந்து எதுவும் ஒத்துக்காதா?"

"இல்ல."

"மாத்திரை?"

"இல்ல."

"கர்ப்பமா இருக்கீங்களா?"

கண்ணாடியில் அவளுடைய முகமே மங்கலாகத் தெரிந்தது, அதற்குப் பின்னால் விசிலின் முகம் சின்னதாக.

"இல்ல."

மூன்று முறை உண்மையாகச் சொன்ன அதே சொல்தான். நான்காவது முறை நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது.

திரைக்குள் போனதும் அவள் நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அடிப்பதற்குக் கை ஓங்கியவரைத் தடுப்பது போல இறுக்கமாக. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து ஊசி போட்டுப் போட்டு அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"அக்கா, எனக்கு வேணாம்." உதடு மட்டும்தான் அசைந்தது. "நாள் தள்ளிப் போயிருக்கு. ஸ்ட்ரிப்ல பாத்துட்டேன்."

நர்ஸின் முகம் கோபத்தில் சுருங்கியது. "அங்க கேட்டாங்கல்ல? ஏன் சொல்லலை? தெரியாம நான் போட்டிருந்தா?"

அவள் கண்ணால் கீழே காட்டினாள். திரை தரையைத் தொடவில்லை. அந்த இடைவெளியில், ஓர் எட்டு தூரத்தில், விசிலின் கறுப்பு ஷூ இரண்டும் அருகருகே இருந்தன. நர்ஸ் அவற்றைப் பார்த்தாள். அவளது நீலத் தொப்பியையும் பார்த்தாள். பிறகு ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டு, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவள் தோளில் துடைத்தாள்.

"கையைத் தளர விடும்மா. எறும்புக் கடிதான்" என்றாள் உரக்க. பிறகு காதருகே குனிந்து, "ஆ-ன்னு சொல்லு" என்றாள்.

"ஆ."

"அட, வலிக்கிற மாதிரிச் சொல்லு."

"ஆ…!"

துளை படாத தோலின் மேல் பஞ்சை வைத்து, அதன் மேல் பிளாஸ்டரை ஒட்டினாள் நர்ஸ். ஒட்டிக்கொண்டே கிசுகிசுத்தாள். "அம்மை வந்த பொண்ணுங்க பக்கமே போகாதே. வயித்துல இருக்கும்போது அது வந்தா ரொம்ப மோசம். ரெண்டு நாள் கழிச்சு என்னைத் தனியா வந்து பாரு. கவுன்டர்ல நிக்காதே, பின்பக்கக் கதவைத் தட்டு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், அது என் தொழில். ஆனா நீயும் வாயைத் திறந்துராதே." மறுபடியும் உரக்க: "இன்னிக்கும் நாளைக்கும் இந்தக் கையால வெயிட் தூக்காதே, வீங்கிக்கும். அடுத்து!"

விசில் அவள் தொப்பியில் மஞ்சள் வட்டத்தை ஒட்டினாள். "ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கே? ஊசின்னா அவ்வளவு பயமா?" என்று சிரித்தாள். அது அன்பான சிரிப்பாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கணவன் வாசற்படியில் உட்கார்ந்து நகக்கண்ணில் ஏறியிருந்த பெயிண்டை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். மழை இல்லாத நாட்களில்தான் அவனுக்கு வேலை. அந்த வாடை தாங்காமல் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவன் துணியைத் தூர எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே வந்தான். பிளாஸ்டரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"போட்டுட்டாங்களா?"

"போடலை. போட்ட மாதிரி ஒட்டி விட்டாங்க."

அவன் பிளாஸ்டரின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். "நாளைக்கு இது வெளிய வந்தா?"

"நர்ஸக்கா சொல்ல மாட்டாங்க."

"நான் அந்தம்மாவைச் சொல்லலை, உன்னைச் சொல்றேன். நான் போட்ட டீயை நல்லா இருக்குன்னு உன் வாய் சொல்லும்போதே உன் மூஞ்சி உன்னைக் காட்டிக் கொடுத்துரும். நீயெல்லாம் எங்க பொய் சொல்லி…"

"உங்க டீயைக் குடிச்சே உயிரோட இருக்கேன்ல, இதையும் சமாளிப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துபோனது. போன வருடம் தங்காமல் போனதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. அப்போதும் அவள் வேறு வழியில்லாமல் கடைசி நாள் வரைக்கும் பெட்டி தூக்கினாள். பிள்ளைக்கென்று வாங்கி வைத்திருந்த மஞ்சள் நிறத் துண்டுத் துணி அலமாரியின் அடியில் இருப்பது இருவருக்கும் தெரியும்.

"பேசாம சொல்லிட்டா என்ன?" என்றான் அவன். "வேலை போனாப் போகட்டும்."

"போனா வாடகையை யாரு குடுப்பா? வானம் கறுத்தா நீங்க வீட்ல. இன்னும் கொஞ்ச நாள்தான். கையெழுத்து ஆயிட்டா அப்புறம் ஊருக்கே மைக் வச்சுச் சொல்லலாம்."

"அதுவரைக்கும் இவன் பொறுத்துக்கணுமே" என்று அவள் வயிற்றைப் பார்த்துச் சொன்னான்.

"இவனா? யாரு சொன்னது?"

"சரி, இவ."

மறுநாள் பேக்கிங் பிரிவில் யாருக்கும் இடது கை மேலே எழவில்லை. பாதிப் பேருக்கு உண்மையிலேயே வலி. மீதிப் பேருக்கு, வலி என்று சொன்னால் விசிலால் ஒன்றும் செய்ய முடியாது என்கிற சந்தோஷம். வெயிட் தூக்கக் கூடாது என்று சொன்னது ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது கம்பெனி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படியொரு வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்ததில்லை. சோப்பை ஒற்றைக் கையால் எடுத்து, ஒற்றைக் கையால் அடுக்கி, நடுநடுவே தோளைத் தடவிக்கொண்டார்கள். ஒரு பெட்டி நிரம்பியதும் இரண்டு பேர் சேர்ந்து, பிரேதம் தூக்குகிற மாதிரி மெதுவாகத் தூக்கிப் பலகையில் வைத்தார்கள்.

"ஐயோ… அம்மா… என் கை!" என்று பெரியக்கா பாட்டுப் போல இழுத்தாள். வாயாடி அதற்குத் தாளம் போட்டாள்.

விசில் ஊதிப் பார்த்தாள். "சீக்கிரம், சீக்கிரம்! லாரி நிக்குது!"

"மேடம், நாங்க என்ன வேணாம்னா சொன்னோம்? கைதான் கேக்க மாட்டேங்குது."

அவசரமும் முதலில் தோளைத் தடவிக்கொண்டுதான் நின்றாள். கை வலிப்பதாக இரண்டு முறை சொல்லியும் பார்த்தாள். ஆனால் அவளுக்கு எதிரே பெல்ட் முனையில் நிரம்பிய பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிரந்தரமாக்குவதற்கு யாரைச் சொல்வது என்று முடிவெடுக்கிறவர் அவர்தான். அவளுக்கு வேறொரு பதற்றமும் இருந்தது. பக்கத்தில் நின்ற வாயாடி விடுதியிலிருந்து வருகிறவள், காலையிலிருந்து இருமிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் இருமலுக்கும் அவசரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெல்ட்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டால் இவளிடமிருந்து தள்ளி நிற்கலாம், பெட்டியும் தேங்காது.

அங்கே போய் நின்றாள். முதல் பெட்டியை வலது கையால் இழுத்தாள். இரண்டாவது பெட்டி சரியப் பார்த்தது. அதை இரண்டு கையாலும் பிடித்தாள். அதற்குப் பிறகு அவள் கைகள் அவளைக் கேட்கவில்லை. இரண்டு வருடப் பழக்கம் அது. குனி, அணை, தூக்கு, திரும்பு, வை. பலகையில் பெட்டிகள் தோள் உயரத்துக்கு ஏறின. பயம் ஏற ஏற வேகம் கூடியது. தேங்கியிருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, நெற்றியில் வேர்வை.

"ஏ அவசரம்!" பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்தாள். "யாருகிட்ட நல்ல பேரு வாங்குற? இன்னிக்கு ஒரு நாளாவது நம்ம ராஜ்ஜியமா இருக்கட்டும்னு விட மாட்டியா?"

அவள் இரண்டு கையாலும் தூக்கிய பெட்டியோடு அப்படியே நின்றாள்.

வாயாடி சிரித்தாள். "நமக்கெல்லாம் மருந்து, அக்காவுக்கு மட்டும் தண்ணி ஊசி போட்டாங்க போல!"

வரிசை முழுக்கச் சிரித்தது. காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த ஒரு சிரிப்பு கிடைத்த மாதிரி, தொப்பிகள் குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது விசில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு ஓவர்கோட்டின் கையை மேலே தள்ளி, பிளாஸ்டரின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதா?"

அவள் கட்டை விரலைப் பார்த்தாள். விசிலின் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான், "ஆ… வலிக்குது மேடம்" என்றாள்.

விசில் பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்தாள். உள்ளே வெள்ளையாக, சுத்தமாக, பிள்ளைத் தோல் போல இருந்தது. சிவப்பில்லை, ஒரு புள்ளியில்லை. வாயாடியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

"மேடம், சிலருக்குத் தடமே தெரியாது" என்றாள் பெரியக்கா, குரலை மாற்றிக்கொண்டு. "என் தம்பிக்கு எத்தனை ஊசி போட்டாலும்…"

"நீ உன் இடத்துல நில்லு." விசில் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவசரத்திடம் தணிவாகவே பேசினாள். "நான் உன்னைத் தப்பு சொல்லலை. நேத்து அந்தக் கூட்டத்துல ஊசியைக் குத்த மறந்து வெறும் பஞ்சை வச்சு அனுப்பிட்டாங்க. ஒருத்தியை விட்டாலும் மேல இருக்கிறவங்க என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. வா, வேன் நிக்குது. போட்டுட்டு வந்துருவோம்."

"நான் சாயங்காலம் வீட்டுக்குப் போறப்போ போட்டுக்கிறேன் மேடம்."

"பத்து நிமிஷ வேலை. வா."

வேனில் விசில் அவளுக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தாள். வழியெல்லாம் தன் பெண்ணின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாள். அவள் "ம்" கொட்டிக்கொண்டே, நர்ஸக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டு வந்தாள். நர்ஸக்கா பார்த்ததும் புரிந்துகொள்வாள். திரைக்குள் கூப்பிட்டு ஏதாவது செய்வாள். திரைக்குள் போய்விட்டால் போதும்.

கவுன்டர் பெண் கண்ணாடிக்குப் பின்னால் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலிகளில் வழக்கமான கூட்டம்: தடி ஊன்றிய ஒரு கிழவர், மடியில் பிள்ளையோடு ஒரு தாய், கட்டை விரலில் கட்டுப் போட்ட வெல்டர் ஒருவர்.

"நர்ஸக்கா இல்லையா?" என்று அவள் கேட்டாள்.

"ஸ்கூல்ல ஊசி போடப் போயிருக்காங்க. என்ன வேணும்?"

விசில் முன்னால் வந்து விஷயத்தைச் சொன்னாள். நேற்றுத் தவறிப்போனது என்றாள். கவுன்டர் பெண்ணுக்கு முகம் சிவந்தது. தங்கள் பக்கத்துத் தவறு என்பதால் குரல் இன்னும் கறாராகியது.

"சரி, டாக்டரே போட்டு விடுவாரு. புதுசாத்தான் பதியணும். காய்ச்சல் இருக்கா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லைங்க, எழுதிக்கங்க" என்றாள் விசில்.

"நீங்க சொல்லக் கூடாது மேடம். அவங்கவங்க உடம்பு விஷயத்தை அவங்கவங்கதான் சொல்லணும். அது எங்க ரூல்."

அவள் குனிந்து வாயைத் துளைக்கு நேராக வைத்தாள். "நான் டாக்டரைத் தனியாப் பாக்கணும்" என்றாள் மெல்ல.

"என்னங்க?"

"டாக்டரைத் தனியா…"

"கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க."

அவள் நிமிர்ந்தாள். "டாக்டரைப் பாக்கணும்."

"ஊசிக்கு டாக்டரைத் தனியாப் பாக்க வேண்டியதில்லைங்க. வேற உடம்புக்குப் பாக்கணும்னா என்ன உடம்புன்னு சொல்லுங்க, அதுக்கு வேற டோக்கன்."

"என்ன உடம்பு உனக்கு?" என்றாள் விசில், உண்மையான கவலையோடு. "நேத்தே வெளுத்திருந்தே. என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? பயப்படாதே, இன்னிக்கு நான் உள்ளயே வந்து கையைப் பிடிச்சுக்கிறேன். நேத்து மாதிரி விட்டுறக் கூடாது."

திரை விலகியிருந்தது. உள்ளே டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்துப் புட்டி மேசைமேல் நின்றது. அவ்வளவு சின்னதாக இருந்தது அது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வேனில் ஏறித் திரும்பிவிடலாம். மாதக் கடைசியில் பெயரைக் கூப்பிடுவார்கள். எத்தனையோ பேருக்குத் தெரியாமல் போட்டும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆகியிருக்காதுதான். ஆனால், போன முறையும் அவள் இப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், ஒவ்வொரு பெட்டிக்கும்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"மருந்து எதுவும் ஒத்துக்காதா?"

"இல்ல."

"மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்ல."

"கர்ப்பமா இருக்கீங்களா?"

அவள் தலையை அசைத்தாள். அது எந்தப் பக்கம் அசைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாயைத் திறந்து சொல்லுங்கம்மா. தலையாட்டினா நான் எழுத முடியாது."

"ஆமா" என்றாள்.

"என்னது? கேக்கலை."

"ஆமாங்க. கர்ப்பமா இருக்கேன்."

கத்தியபோது அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஹாலின் கோடிவரை போய்ச் சுவரில் பட்டுத் திரும்பியது. கவுன்டர் பெண்ணின் கறார் முகம் மலர்ந்துவிட்டது.

"அட! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? டாக்டர், இவங்களுக்கு வேணாம், இவங்க மாசமா இருக்காங்க! எத்தனை மாசம்மா?"

நாற்காலிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. மடியில் பிள்ளையோடு இருந்தவள் சிரித்தாள். வெல்டர் கட்டுப் போட்ட விரலோடு எழுந்து நின்று, "உக்காருங்க தங்கச்சி, உக்காருங்க" என்றார். கிழவர் தடியால் அந்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "நல்ல சேதி. முதப் பிள்ளையா? உடம்பைப் பாத்துக்கம்மா."

அவள் உட்கார்ந்தாள். எதிரே விசில் நின்றுகொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவ்வளவு பேர் சிரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, அவளும் சிரித்தாள்.

"நல்ல விஷயம்தான்" என்றாள் மெல்ல. "நீ இப்படியே வீட்டுக்குப் போயிரு. வேன்ல ஆட்டம் ஜாஸ்தி." பிறகு குனிந்து, தலைவாரி விடுகிற மாதிரி மிருதுவாக, அவளுடைய நீலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டாள். "இது நாளைக்கு வர்ற பொண்ணுக்கு வேணும்."

"அடுத்து!" என்று கவுன்டர் பெண் கத்தினாள். கிழவர் தடியை ஊன்றி எழுந்தார்.

வாசலுக்கு வெளியே வேன் டிரைவர் கதவை இழுத்துத் திறந்து வைத்திருந்தான். விசில் ஏறி உள்ளே உட்கார்ந்தாள். டிரைவர் கதவைச் சாத்தவில்லை. இன்னும் ஓர் ஆள் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நின்றான். நாற்காலியிலிருந்து அவளுக்கு அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. சீக்கிரம் வாங்க என்பது போல அவன் அவளைப் பார்த்துக் கையசைத்தான். உள்ளேயிருந்து விசில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவன் அசைத்த கையை அப்படியே இறக்கி, இரண்டு கையாலும் கதவை இழுத்துச் சாத்தினான்.